கேரவனில் மோட்டார் ரீல்: கரண்ட் ஒயருக்கும் தண்ணீர் ஹோஸுக்கும், முதலிலிருந்து கடைசிவரை

டெம்போ டிராவலர் மாதிரி வண்டியைக் கேரவனாக மாற்றியவர்களுக்கு நிறுத்துகிற இடமெல்லாம் இரண்டு வேலை காத்திருக்கும். கரண்டுக்கு ஒயரை இழுக்க வேண்டும், தொட்டிக்கு ஹோஸை இழுக்க வேண்டும். மறுநாள் காலையில் இரண்டையும் சேறும் மண்ணுமாகச் சுருட்டி டிக்கிக்குள் திணிக்க வேண்டும். இரண்டையும் மோட்டாரே சுற்றிக்கொள்கிற மாதிரி என் வண்டியில் செய்தேன். அப்புறம் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நண்பர்கள் மூன்று பேர் வண்டிக்கும் கூட நின்று செய்தோம். நான்கு வண்டியிலும் யார் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்ததை வைத்துத்தான் இந்த வரிசை.

மோட்டாரைப் பொருத்துவதுதான் பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அது அரை நாள் வேலை. தப்பு நடக்கிற இடங்கள் வேறு: சுருட்டிய ஒயருக்குள் ஏறும் சூடு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கின் வெறும் பின், கழற்ற மறந்து வண்டியை எடுப்பது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்வதற்கு இந்த மூன்றும்தான் காரணம். 230 வோல்ட் வேலையில் கைப்பழக்கம் இல்லையென்றால் 5ஆம் பகுதியை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் அளவு எடுங்கள்

முதலில் நீளம். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாக நிறுத்தும் நான்கைந்து இடங்களில் வண்டியிலிருந்து பிளக் பாயின்ட் வரை பிடித்துப் பாருங்கள். எனக்கு 15 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று 30 மீட்டர் வாங்குகிறவர்கள் டிரம்மையும் மோட்டாரையும் பெரிதாக்கிக்கொள்கிறார்கள், சூட்டையும் கூட்டிக்கொள்கிறார்கள்.

15 மீட்டர் வெளியே வர வேண்டுமென்றால் 17 மீட்டர் வாங்குங்கள். கடைசி மூன்று சுற்று எப்போதும் டிரம்மிலேயே இருக்க வேண்டும். இழுக்கிற விசையை அந்த மூன்று சுற்றின் பிடிமானம் தாங்கிக்கொள்ளும், உள்முனை இணைப்புக்குப் போகாது.

அடுத்து டிரம். 2.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்), மூன்று கோர் ஒயர் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நடு உருளை 20 சென்டிமீட்டர் விட்டம் என்றால் ஒரு சுற்றுக்கு 66 சென்டிமீட்டர். 17 மீட்டருக்கு 26 சுற்று. டிரம் 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் இரண்டே அடுக்கில் முடிந்துவிடும். ஹோஸுக்கு உருளை 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஹோஸ் மடங்கி, மடங்கின இடத்திலேயே நாளடைவில் வெடிக்கும்.

இந்த அளவில் அட்டையை வெட்டி டிக்கிக்குள் வைத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மூன்றாவது வண்டியில் டிரம் செய்து முடித்த பிறகுதான் டிக்கிக் கதவின் கீல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

2. எது எந்த டிக்கியில்

ஒயரும் ஹோஸும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இடம் இல்லவே இல்லையென்றால் நடுவில் முழுத் தடுப்பு வைத்து, ஒயரை மேலேயும் ஹோஸைக் கீழேயும் வையுங்கள். ஹோஸ் ரீல் என்றைக்காவது ஒழுகும். ஒழுகும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஹோஸ் அறையின் அடித்தகட்டில் ஒரு துளை போடுங்கள்.

சைலன்சர் பக்கம் வேண்டாம். பின் சக்கரத்துக்கு நேர் பின்னாலும் வேண்டாம், மண்ணும் ஜல்லியும் அங்கேதான் தெறிக்கும். ஒயரும் ஹோஸும் வெளியே வரும் வாய்த்துளை தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருந்தால் குனியாமல் இழுக்கலாம்.

சேசிஸில் துளை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். இருக்கிற துளையில் போல்ட் போடுங்கள், இல்லாவிட்டால் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். வண்டியில் வேறு எங்காவது வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வையுங்கள். வெளிப்பக்கம் எதுவும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி எதைச் செய்தாலும் வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வந்து நிற்கும். டிக்கிக்குள்ளேயே அடங்கும் ரீலுக்கு அந்தத் தொல்லை இருக்காது, ஆனால் எடையைக் கணக்கில் வையுங்கள். என் வண்டியில் இரண்டு ரீலும் ஸ்டாண்டும் சேர்ந்து 28 கிலோ.

3. வாங்குவதும் செய்யச் சொல்வதும்

டிரம்மை நாமே வளைக்க வேண்டியதில்லை. மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்கு விற்கிற கைப்பிடி ரீல் கிருஷ்ணகிரிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். ஸ்டாண்டும் தண்டும் அதோடு வந்துவிடும். ஆனால் புதிதாக வாங்குங்கள். மருந்தடித்த பழைய ரீல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஒருவர் வாங்கி வந்தார். நீங்கள் குடிக்கவும் சமைக்கவும் போகிற தண்ணீர் அந்த ரீல் வழியாகத்தான் வரப்போகிறது. எத்தனை முறை கழுவினாலும் அது வேண்டாம்.

ஸ்பிரேயர் ஹோஸும் வேண்டாம். அது அதிக அழுத்தத்துக்கு ஆனது, உள்துளை 8.5 மில்லிமீட்டர்தான். அதே அழுத்தத்தில் அரை அங்குல ஹோஸில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் வரும். குடிநீருக்கென்று விற்கும் ஃபுட் கிரேடு ஹோஸ், அரை அங்குலம், உள்ளே நூல் பின்னல் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டாருக்கு 12 வோல்ட் வைப்பர் மோட்டார் போதும், ரீலுக்கு ஒன்றாக இரண்டு. லேத்தில் செய்ய வேண்டியவை: மோட்டார் தண்டுக்கு 16 பல் ஸ்பிராக்கெட் (செயின் மாட்டும் பல் சக்கரம்), டிரம் தண்டுக்கு 48 பல் ஸ்பிராக்கெட், கிளட்ச் பின். ஓசூர்ப் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. வாயால் சொல்லாமல் வரைந்து கொண்டுபோனால் ஒரே தடவையில் முடியும்.

வேகத்தை ஏன் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறோம்? வைப்பர் மோட்டார் மெதுவான வேகத்திலேயே நிமிடத்துக்கு நாற்பது சுற்று வரும். நேராக மாட்டினால் நிமிடத்துக்கு 26 மீட்டர் ஒயரை இழுக்கும். கடைசியில் பிளக் சாட்டை மாதிரி வந்து முழங்காலில் அடிக்கும். குறைத்துவிட்டால் 15 மீட்டருக்கு இரண்டு நிமிடத்துக்குள் ஆகும், கையும் கூடவே வரும்.

4. கிளட்ச்: இங்கேதான் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள்

வைப்பர் மோட்டாருக்குள் இருப்பது வார்ம் கியர். மோட்டார் டிரம்மைச் சுற்றும், டிரம்மைப் பிடித்து மோட்டாரைச் சுற்ற முடியாது. அதனால் நேராக இணைத்தால் ஒயரைக் கையால் வெளியே இழுக்கவே முடியாது.

"அண்ணா, சைக்கிள் ஃப்ரீவீல் போட்டா சரியாயிடுமே?" என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். சைக்கிளைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், பெடலும் சேர்ந்து சுற்றும். ஃப்ரீவீல் முன்பக்கம் மட்டும்தான் விட்டுக்கொடுக்கும். ஒயரை வெளியே இழுப்பது டிரம்மைப் பின்பக்கம் சுற்றுவது. அந்தப் பக்கம் ஃப்ரீவீல் பூட்டிக்கொள்ளும்.

வேண்டியது, பின் (ஆணி மாதிரி ஒரு கம்பி) வைத்த கிளட்ச். பெரிய ஸ்பிராக்கெட் தண்டின் மேல் சும்மா சுற்ற வேண்டும். டிரம்மின் பக்கத் தகட்டில் வட்டமாக ஆறு துளை. ஸ்பிராக்கெட்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு பின். பின் துளைக்குள் விழுந்தால் மோட்டாரும் டிரம்மும் ஒன்றாகும். பின்னை இழுத்துக் கால் சுற்றுத் திருப்பினால் வெளியே நின்றுகொள்ளும், டிரம் தனியாகச் சுற்றும்.

பின்னை எடுத்துவிட்டால் வேறு தொல்லை வரும். வேகமாக இழுத்து நிறுத்தினால் டிரம் நிற்காமல் ஓடி, ஒயர் உள்ளேயே தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். பழைய சைக்கிள் பிரேக் கட்டை ஒன்றைப் பக்கத் தகட்டில் லேசாக உரசும்படி வைத்துவிடுங்கள். எவ்வளவு உரச வேண்டும் என்பதற்கு ஸ்பிரிங் தராசை ஒயரில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டு கிலோ காட்டும்போது டிரம் நகர ஆரம்பித்தால் சரி.

மோட்டார் வெளியே தள்ளவும் செய்யட்டுமே என்று ஆசைப்படாதீர்கள். ஒயர் கயிறு மாதிரி. இழுத்தால் வரும், தள்ளினால் டிரம்முக்குள்ளேயே தளர்ந்து சிக்கும். மோட்டார் சுற்றிக்கொள்ள மட்டும்தான்.

5. 230 வோல்ட் பக்கம்

சுற்றுகிற டிரம்மிலிருந்து நிற்கிற வண்டிக்கு எப்படிக் கரண்ட் கொண்டுவருவது? ஒரு வழி, ஸ்லிப் ரிங்: சுற்றுகிற உலோக வளையத்தைக் கார்பன் கட்டை தொட்டுக்கொண்டே கரண்ட் கடத்தும். 16 ஆம்பியருக்கு ஆன, எர்த்துக்கும் தனி வளையம் உள்ள நல்ல ஸ்லிப் ரிங்குக்கு விலை அதிகம். மலிவானதில் கார்பன் தேய்ந்து முதலில் போவது எர்த்தாக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் ஸ்லிப் ரிங்கே வைக்கவில்லை.

என் முறை இது. ஒயரின் உள்முனை டிரம்மின் பக்கத் தகட்டில் பொருத்திய ஒரு 16 ஆம்பியர் நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டில் முடிகிறது. வண்டியிலிருந்து ஒரு குட்டை ஒயர், முனையில் அதற்கான பிளக். ஒயரை இழுத்து முடித்து டிரம் நின்ற பிறகு குட்டை ஒயரைச் செருக வேண்டும். டிரம் எந்தக் கோணத்திலும் நிற்கும், அதனால் குட்டை ஒயர் 70 சென்டிமீட்டர் இருக்கட்டும். முதல் வண்டியில் 40 வைத்துவிட்டு, சாக்கெட் கீழ்ப்பக்கம் நின்ற நாளிலெல்லாம் டிரம்மைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தேன்.

டிரம் தகட்டை அந்தச் சாக்கெட்டின் எர்த்தோடு சேர்த்து இறுக்குங்கள். வண்டியின் சேசிஸையும் உள் வயரிங்கின் எர்த்தோடு சேருங்கள். டயர் ரப்பர். எர்த் இல்லாமல் உள்ளே ஏதாவது லீக் ஆனால் மொத்த பாடியும் கரண்டில் நிற்கும். தரையில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிறவருக்குத்தான் ஷாக்.

வண்டிக்குள் நுழைந்தவுடன் இரண்டு கம்பியையும் வெட்டுகிற டபுள் போல் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனால் உடனே விழும் சுவிட்ச்) ஒன்று. டபுள் போல் ஏன்? தாபாவிலும் தோட்டத்து வீட்டிலும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி இருப்பது சகஜம்.

ஆனால் வண்டிக்குள் இருக்கும் ஆர்.சி.சி.பி. வெளியே ஈரத் தரையில் கிடக்கும் 15 மீட்டர் ஒயரைக் காப்பாற்றாது. அதற்கு முன்னால் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் இன்னொரு ஆர்.சி.சி.பி.யை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, அரை மீட்டர் ஒயரும் பிளக்கும் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். சுவரில் முதலில் அது, அதில் நம் ஒயர்.

இப்போது மிக முக்கியமானது. ஒயரின் வெளிமுனையில் இருப்பது ஆண் பிளக், மூன்று வெறும் பின். வண்டிக்குள் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்து, அது இதே வயரிங்குக்குள் கரண்ட் விட்டால், தரையில் கிடக்கும் அந்தப் பின்னில் 230 வோல்ட் நிற்கும். குழந்தை எடுத்துப் பார்க்கும் உயரத்தில். இன்வெர்ட்டருக்கும் வெளிக் கரண்டுக்கும் நடுவே இரண்டு கம்பியையும் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். ஒன்று முழுக்க விட்ட பிறகுதான் மற்றது தொடுகிற வகையாக இருக்க வேண்டும். பொருத்திவிட்டு, இன்வெர்ட்டரைப் போட்டு, வெளி பிளக்கின் பின்களில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் மேலே போகாதீர்கள்.

சூட்டைப் பற்றி. 2.5 ஸ்கொயர் ஒயரில் 17 மீட்டருக்குப் போகவும் வரவும் சேர்த்து மின்தடை ஏறக்குறைய 0.27 ஓம். 15 ஆம்பியர் ஓடினால் 60 வாட் சூடாக மாறும். ஒயர் தரையில் நீளமாகக் கிடந்தால் அது காற்றில் கலைந்துவிடும். சுருட்டி வைத்திருந்தால், மூடிய டிக்கிக்குள் டிரம்முக்கு நடுவே பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரிகிற கணக்கு. ஆம்பியர் மூன்றில் ஒன்றானால் சூடு ஒன்பதில் ஒன்றாகும்: 5 ஆம்பியரில் 7 வாட்கூட இல்லை.

என் முதல் வண்டியில் பிளக் பாயின்ட் நான்கு மீட்டரில் இருந்தது. மீதியை எதற்கு இழுப்பது என்று விட்டுவிட்டேன். ஏ.சி.யும் கீசரும் ஓடின. காலையில் டிக்கியைத் திறந்தால் ரெக்சின் எரிகிற மாதிரி வாடை. உள் அடுக்கும் மேல் அடுக்கும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் உறை உரிந்து வந்தது. 17 மீட்டரும் குப்பைக்கு. அதற்குப் பிறகு பாயின்ட் பக்கத்திலேயே இருந்தாலும் மூன்று சுற்று போக எல்லாவற்றையும் இழுத்துவிடுவேன். மிச்சத்தை வண்டிக்கு அடியில் பாம்பு மாதிரி நெளித்துப் போடுங்கள், வட்டமாகச் சுற்றி வைக்காதீர்கள். மூன்று சுற்று மீதி என்று தெரிய ஒயரில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

6. 12 வோல்ட் பக்கம்

வைப்பர் மோட்டாரில் நான்கைந்து ஒயர் வரும். வேக ஒயர் இரண்டு, மற்றது வைப்பரைத் தானாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு. பேட்டரியில் தொட்டு மெதுவான வேக ஒயர் எது என்று கண்டுபிடித்து, மற்றவற்றின் முனையைத் தனித்தனியாக மூடிவிடுங்கள்.

நிறைய வைப்பர் மோட்டாரில் பாடியேதான் நெகட்டிவ். டிரம் தலைகீழாகச் சுற்றுகிறதே என்று ஒருவர் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தார். மோட்டார் பாடி ஸ்டாண்டில், ஸ்டாண்டு சேசிஸில், ஃபியூஸ் உடனே போய்விட்டது. ஃபியூஸ் இருந்ததால் அதோடு போயிற்று. திசை மாற வேண்டுமென்றால் ஒயரை டிரம்மின் மேல்பக்கத்திலிருந்து விடாமல் கீழ்ப்பக்கத்திலிருந்து விடுங்கள், முடிந்தது.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 4 ஸ்கொயர் கம்பி, 40 ஆம்பியர் ரிலே (சின்ன சுவிட்சால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துவது), மோட்டார். ஃபியூஸ் மோட்டாருக்காக அல்ல, கம்பிக்காக. அதனால்தான் அது பேட்டரி பக்கம். 1.5 ஸ்கொயர் போதாதா என்றால், ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வர 10 ஆம்பியரில் 1.3 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 4 ஸ்கொயரில் அரை வோல்ட்தான். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது சின்ன விஷயம் இல்லை.

சுவிட்ச், காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடித்தால் ஓடுகிற, விட்டால் நிற்கிற வகை. போட்டால் போட்டபடி நிற்கும் சுவிட்ச் கூடவே கூடாது. செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே விரல் போனால் மறு கையால் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. செயினுக்குத் தகர மூடியும் போடுங்கள்.

மோட்டார் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று பார்க்க டி.சி. காட்டுகிற கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. கரண்டை மட்டும்தான் காட்டும். "அண்ணா, பூஜ்யம்னு காட்டுது, ஆனா மோட்டார் ஓடுது" என்று ஒரு போன் வந்தது.

7. ஹோஸ் ரீல்

டிரம், கிளட்ச், மோட்டார் எல்லாம் அதேதான். சுழல் இணைப்பு மட்டும் வேறு, அதாவது சுற்றுகிற டிரம்மையும் நிற்கிற குழாயையும் ஒழுகாமல் இணைக்கும் மூட்டு. ஸ்பிரேயர் ரீலில் வருவது பெரிய அழுத்தத்துக்காக இறுக்கமாக இருக்கும், அதைச் சுற்றவே மோட்டார் திணறும். நமக்கு மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம்தான். ஓ ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட்ட பித்தளைச் சுழல் இணைப்பை லேத்தில் செய்து மாற்றினேன்.

வரிசை: குழாய், ஹோஸ், டிரம், சுழல் இணைப்பு, அதற்குக் கீழே வடிகால் வால்வு, பிறகு ஒருவழி வால்வு, பிறகு தொட்டி. ஒருவழி வால்வு இல்லாவிட்டால் குழாயில் அழுத்தம் குறையும்போது உங்கள் தொட்டித் தண்ணீர் அந்த வீட்டுக் குழாய்க்கே திரும்பும். வடிகால் வால்வு ஒருவழி வால்வுக்கு முன்னால் இருந்தால்தான் ஹோஸ் காலியாகும். மாற்றி வைத்தால் தொட்டி காலியாகும். இதையும் ஒருவர் செய்தார்.

15 மீட்டர் அரை அங்குல ஹோஸில் ஏறக்குறைய 1.9 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை வடிக்காமல் சுற்றினால் மோட்டாருக்குச் சுமை. சித்திரை வெயிலில் இரண்டு நாள் டிக்கிக்குள் கிடந்த தண்ணீரின் வாடை அடுத்த தொட்டி முழுக்க வரும்.

தரையிலிருந்து பத்தடி, பன்னிரண்டு அடி உயரத் தொட்டியிலிருந்து பிடித்தால் 100 லிட்டருக்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஹோஸில் கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு பல இடங்களில் அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற குழாயாகப் பார்த்துக் குடிக்கத் தனியாகக் கேனில் பிடித்துக்கொள்கிறேன். போர் தண்ணீர் தொட்டிக்கு, குளிக்கவும் கழுவவும்.

8. மறதிக்கு ஒரு மணி

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் தங்கிவிட்டு, காலை ஐந்து மணி இருட்டில் ஹோஸைக் கழற்றாமல் வண்டியை எடுத்தேன். ஹோஸ் தாங்கிக்கொண்டது. அவர்கள் வீட்டுக் குழாய்தான் சுவரோடு வந்துவிட்டது. பிளம்பர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மைக்ரோ சுவிட்ச் போதும், நனையாத வகையாக வாங்குங்கள். ஒன்று ஒயர் வாயில், ஒன்று ஹோஸ் வாயில், ஒன்று குட்டை ஒயரின் பிளக்கை மாட்டி வைக்கும் கொக்கியில். மூன்றில் எது அழுந்தாமல் இருந்தாலும் சாவியைப் போட்டதும் டிரைவர் சீட் பக்கம் பஸர் கத்த வேண்டும். பஸருக்கு வேண்டிய கரண்டைச் சாவி லைனிலிருந்து எடுங்கள்.

கொக்கியில் இன்னொரு மைக்ரோ சுவிட்சையும் சேர்த்து வைத்து, அதை ஒயர் ரீலின் ரிலே காயிலோடு தொடராக இணைத்துவிடுங்கள். குட்டை ஒயர் கொக்கிக்குத் திரும்பாதவரை மோட்டார் ஓடாது. இது இல்லாமல் விட்டால், டிரம்மில் செருகியிருக்கும் குட்டை ஒயரையும் சேர்த்து டிரம் சுற்றிக்கொள்ளும்.

ஒயர் நுனியிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு ரப்பர் பந்தைத் துளைத்துக் கோத்துவிடுங்கள். வாயில் மோதுவது பந்தாக இருக்கட்டும், பிளக்காக வேண்டாம்.

9. சோதனை ஓட்டம்

எல்லா நட்டிலும் போல்ட்டிலும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். தளர்ந்தால் கோடு விலகித் தெரியும். ரீலை ஐம்பது முறை இழுத்துச் சுற்றுங்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் இல்லாமல் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப் பாதையிலோ, அஞ்செட்டிப் பக்கமோ ஓட்டிப் பாருங்கள். நல்ல ரோட்டில் தெரியாத ஆட்டம் அங்கே தெரியும். என் வண்டியில் கிளட்ச் பின் குலுங்கித் தானாகத் துளைக்குள் விழுந்திருந்தது. திருப்பி நிற்கும் பள்ளத்தை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் ஆழப்படுத்திய பிறகு சரியானது.

10. நிறுத்தியதும் கிளம்பும்போதும்

நிறுத்தியதும்: வண்டியின் எம்.சி.பி.யை இறக்குங்கள். கிளட்ச் பின்னை வெளியே எடுத்து, ஒயரைச் சிவப்பு டேப் வரை இழுங்கள். சுவர் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்து ஃபேஸ் - எர்த், நியூட்ரல் - எர்த் இரண்டையும் பாருங்கள். முதலாவது 230 பக்கம், இரண்டாவது சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அரைகுறையாகக் காட்டினால் அங்கே எர்த் இல்லை, செருகாதீர்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழுந்தது, அதனால் எர்த் இருக்கிறது என்பார்கள். எர்த் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

பிறகு குட்டை ஒயரை டிரம்மில் செருகி, ஆர்.சி.சி.பி. பெட்டி வழியாகச் சுவரில் செருகி, சுவிட்சைப் போட்டு, கடைசியாக எம்.சி.பி.யை ஏற்றுங்கள். ஏ.சி. போடும் முன் வோல்டேஜைப் பாருங்கள். ராத்திரியில் கிராமத்து லைனில் நன்றாகவே இறங்கும்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ்: எம்.சி.பி., சுவர், குட்டை ஒயர் கொக்கிக்கு, கிளட்ச் பின் துளைக்குள். வலது கை சுவிட்சில், இடது கையில் பழைய துணியோடு ஒயரைப் பிடித்து இடமும் வலமுமாக வழிநடத்துங்கள். சேறும் துடைபடும், அடுக்கும் சரியாக உட்காரும். ஹோஸுக்கு முதலில் வடிகால் வால்வைத் திறந்து, குழாய்ப் பக்க முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுற்றினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

11. மாதம் ஒரு முறை

ஆர்.சி.சி.பி. இரண்டின் டெஸ்ட் பட்டன். டிரம் சாக்கெட்டையும் பிளக்கையும் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. கரண்டை எடுத்துவிட்டுத் திறந்து இறுக்குங்கள். செயினுக்குக் கிரீஸ்.

சுழல் இணைப்பில் நம் ஊர் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும். அதைச் சுரண்டினால் பித்தளையில் கோடு விழுந்து, புது ஓ ரிங் போட்டாலும் ஒழுகும். எலுமிச்சைச் சாற்றில் அரை மணி ஊற வைத்தால் தானாக விடும். கழுவிவிட்டு, ஓ ரிங்கில் சாப்பாட்டுப் பொருளுக்கான சிலிக்கான் கிரீஸைத் தடவி மாட்டுங்கள். மூன்று ஓ ரிங் எப்போதும் டிரைவர் சீட் பக்கத்துப் பெட்டியில் இருக்கட்டும். ஒன்றை மாட்டும்போது நிச்சயம் ஒன்று மண்ணில் விழும்.